எஞ்சின் விளக்கும் எழுநூறு ரூபாய் ஓபிடி கருவியும்

எங்களுடையது 2021-இல் வாங்கிய, பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த பெட்ரோல் கார். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் அதன் மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. ஓட்டத்திலோ மைலேஜிலோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பட்டறை ஒன்றில் காட்டியபோது, ஸ்கேனரைச் செருகிய இரண்டாவது நிமிடத்திலேயே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஐந்து இலக்கத் தொகை ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவே வண்டியின் கணினி கண்டுபிடித்த பழுதுகளைக் கைப்பேசியில் படித்துக் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவிக்கு இணையத்தில் பணம் கட்டினேன். விலை எழுநூறு ரூபாய்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய நீல நிறப் பெட்டி அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகி, கைப்பேசியில் 1234 என்று கடவுஎண் கொடுத்தால் வேலை முடிந்தது. உறையில் இஎல்எம்327 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர்; இந்த விலைக்கு நம் கைக்கு வருவது அதன் நகல்தான். என் வண்டியுடன் தடங்கலின்றிப் பேசியது என்றாலும், ‘எல்லாப் பழுதுகளையும் காட்டும்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக் கோளாறுகளை இது காட்டவில்லை. காரணம், ஓபிடி என்பதே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பிள்ளை. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், இந்தியாவில் பிஎஸ்-4 காலத்தில் 2013 ஏப்ரலிலிருந்தும் ஓபிடி-2 கட்டாயமானது, புகையைக் கூட்டும் பழுதுகளை வண்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

கருவி காட்டிய பழுதுக் குறியீடு பி0420. கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அதன் பொருள். ஏன் போனது என்பதை அது சொல்லாது. பட்டறையில் குறியீட்டோடு நின்றுவிட்டார்கள். நான் கைப்பேசிச் செயலியில், கன்வெர்ட்டரைத் தாண்டி வரும் புகையின் ஆக்சிஜனை அளக்கும் பின்பக்க சென்சாரின் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். சாலையில் ஓடும்போது 0.7 வோல்ட்டை ஒட்டி நேராகச் சென்ற கோடு, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது மட்டும் 0.1 வரை விழுந்து விழுந்து எழுந்தது. கன்வெர்ட்டர் செத்துப்போயிருந்தால் ஓட்டத்திலும் அது ஆடியிருக்க வேண்டும். தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் இதைக் காட்டியதும், அவர் வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சர் குழாய் இணையும் இடத்தில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டுக் காட்டினார். இணைப்பை அடைக்கும் வளையமான கேஸ்கெட்டில் இருந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. புது கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து நானூற்றைம்பது ரூபாய் ஆனது.

இந்தக் கருவியில் கவனமாகக் கையாள வேண்டியது அழிக்கும் பொத்தான். அதை அழுத்தினால் குறியீடு மட்டும் போகாது. பழுது நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பநிலை முதலிய பதிவுகளும், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்த கணக்கும் சேர்ந்தே அழிந்துவிடும். கலிஃபோர்னியாவில் 2000 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்களைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனால் இந்தக் கணக்கையும் வண்டியிலிருந்தே படிக்கிறார்கள். அழித்த கையோடு போனால் தேறாது. நம் ஊரிலோ சைலன்சரில் குழாயை விட்டு அளப்பதோடு சரி. விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே என் கார் புகைச் சான்று வாங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேஸ்கெட் மாற்றியபின், பதிவுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் குறியீட்டை அழித்தேன். நீலம்பூர் புறவழிச் சாலையில் சீரான வேகத்தில் இரண்டு முறை ஓட்டியபின், மூன்றாம் நாள் கன்வெர்ட்டர் சோதனை ‘முடிந்தது’ என்று செயலி காட்டியது. விளக்கு இதுவரை திரும்ப எரியவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்த மலிவு ப்ளூடூத் வகையை வாங்க வேண்டாம், இணையாது. வைஃபை வகையைப் பாருங்கள். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும்; பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும்.