இருபது புஷ்ஷும் ஒரே நீளத்தில் வர: 150 மி.மீ டிஜிற்றல் வேணியர் எப்படி?

லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வெண்கல புஷ் (அச்சு சுழலும் குழல்), இறைக்கிற பம்பிக்குக் காலர் (அச்சில் மாட்டும் வளையம்) என்று ஒரே அளவில் இருபது முப்பது வெட்டுகிற வன்னி லேத் பட்டறைக்கு, பெயர் பொறிக்காத 150 மி.மீ டிஜிற்றல் வேணியர், அதாவது இரண்டு தாடைக்கு இடையில் பிடித்து அளவைத் திரையில் காட்டும் கருவி, போதும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

பிளாஸ்ரிக் உடம்புக்காரன் வேண்டவே வேண்டாம். 0.1 மி.மீ வரைதான் காட்டும், கொஞ்சம் அழுத்தினாலே தாடை வளையும். துருப்பிடிக்காத உருக்கில் செய்தது 0.01 காட்டும். அதற்காக அது 0.01க்குச் சரி என்று நம்பிவிடாதீர்கள், 100 மி.மீக்குள் ±0.02 என்பதுதான் வழக்கமான கணக்கு. புஷ் நீளத்துக்கு அது தாராளம். பெயாரிங் இருக்கை கடையக் காணாது, அதற்கு மைக்ரோமீற்றர்தான்.

காசு கொடுக்குமுன் தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பிறகு அதே கடையில் புது 6204 பெயாரிங் ஒன்றைக் கேட்டு வெளிவிட்டத்தை அளவுங்கள். அது 47 மி.மீ, சாதாரணத் தரத்திலேயே 0.011க்கு மேல் குறையாது. திரை 46.97க்கும் 47.02க்கும் இடையில் நிற்க வேண்டும். பத்துத் தரம் அளந்தாலும் அப்படியே. அகலத்தை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள்: 14 மி.மீ என்று பேர், 0.12 வரை குறைய இடமுண்டு.

மேல் விளிம்பில் இரண்டு சின்னத் திருகாணி இருக்கும். நகரும் தாடை ஆடினால் அவற்றை இறுகும்வரை முறுக்கி, எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள். அந்த ஆட்டத்தால்தான் தாடை நுனியில் பிடித்தால் ஓர் அளவும், தாடை நகரும் நீளத் தண்டோடு ஒட்டிப் பிடித்தால் இன்னோர் அளவும் வருகிறது. எப்போதும் தண்டோடு ஒட்டியே பிடியுங்கள்.

இதன் பெரிய குறை பற்றரி. நிறுத்தி வைத்தாலும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். எல்ஆர்44 பொத்தான் பற்றரிக்குப் பதில் அதே அளவான எஸ்ஆர்44 போடுங்கள், கடைசிவரை மின்னழுத்தம் இறங்காமல் நிற்கும். இலக்கம் விட்டு விட்டு மின்னினால் அந்த அளவை நம்பக்கூடாது. தண்டில் தண்ணீர் கலந்த வெட்டெண்ணெய் பட்டாலும் இலக்கம் தாவும். செம்மண் புழுதி பறக்கிற இடமென்றால் வேலை முடிந்ததும் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

நீளம் மாறுவதற்கு வேணியரை மட்டும் குறை சொல்ல முடியாது. வெட்டிப் பிரித்த விளிம்பில் நிற்கும் பிசிறே 0.05 கூட்டிக் காட்டிவிடும். அரத்தால் ஒரு இழுவை இழுத்த பிறகு அளவுங்கள். சூடும் அப்படித்தான். 50 மி.மீ வெண்கலம் ஆறியிருக்கும்போது இருப்பதைவிட 30 பாகை கூடச் சூடாக இருந்தால் ஏறக்குறைய 0.03 நீண்டிருக்கும். சூட்டோடு அளந்து சரி என்று போட்டது ஆறியதும் கட்டையாகிவிடும்.

தொகையாக வெட்டும்போது முதல் புஷ்ஷை அளவுக்குக் கொண்டுவந்து, அதை வேணியரின் தாடையில் பிடித்தபடியே சைபர் பொத்தானை அழுத்துங்கள். மிச்சப் புஷ்களுக்கு வித்தியாசம் மட்டும் திரையில் வரும். 0.05க்கு மேல் காட்டுவதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, லேத்தில் ஸ்ரொப்பர் (நீளத்தை நிறுத்திப் பிடிக்கும் தடுப்பு) நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.