ஸ்விஃப்ட் பெட்ரோலும் கொல்லிமலை இறக்கமும்

என் பழைய 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் ஸ்விஃப்டைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மலை இறக்கத்தைத்தான் எழுதுவேன். அடிவாரத்தில் உள்ள காரவள்ளியை நோக்கி இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரே போதும், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறைவு. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதை நிறுத்திவிடுகிறது. அந்த நொடி மைலேஜைக் காட்டும் மீட்டர் உச்சத்துக்குப் போய் நிற்கிறது. இன்ஜின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) ஐடிலுக்கு, அதாவது வண்டி சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்துக்கு, பக்கத்தில் வந்தால்தான் மறுபடி பெட்ரோல் கொடுக்கிறது. என் மச்சான் இன்னும் நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிறார். அதில் இன்ஜின் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும், இன்ஜின் தரும் பிடிமானமும் போய்விடும். இன்ஜெக்டருக்குப் பதில் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 காலத்துப் பழக்கம் அது; அந்த வண்டி கியரில் இறங்கினாலும் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

மச்சானுடைய 1.3 லிட்டர் டீசல் காரும் காலை எடுத்தால் டீசலை நிறுத்தும். ஆனால் பெட்ரோல் மாதிரி காற்று வரும் வழியில் உள்ள த்ராட்டில் கதவை மூடிக் காற்றை அடைப்பதில்லை, அதனால் சிலிண்டரில் காற்றை அமுக்கும் அளவுக்கு ஏற்ற பிடிமானம் கிடைப்பதில்லை. லாரிகளில் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பதும் இதனால்தான்.

குறை? ஏற்றத்தில் ஏசி போட்டால் மூச்சு வாங்குகிறது.