மூட்டைக்கு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்றார்கள், 38,400 ரூபாய் போயிற்று

மக்காச்சோளம் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பெரம்பலூர் பக்கம் கரிசல் காடு, 3 ஏக்கர். விதைக்கும் நேரத்தில் எங்கும் யூரியா கிடைக்கவில்லை. அப்போதுதான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது: செறிவூட்டிய மண்புழு உரமாம், ஒரு மூட்டை போட்டால் ஒரு மூட்டை யூரியா மிச்சமாம். கூப்பிட்டேன். மண் எது, விதைப்பு என்றைக்கு, தண்ணீர் வசதி உண்டா என்று பொறுப்பாகக் கேட்டான். “நானும் கரிசல் காட்டுக்காரன்தான் ஐயா, உங்களை ஏமாற்றிவிட்டு எங்கே போகப் போகிறேன்?” என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். 40 கிலோ மூட்டை 640 ரூபாய், 60 மூட்டை. 38,400 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பினேன்.

இரவில் இறக்கிப் போட்டுவிட்டு வண்டி போய்விட்டது. மூட்டையில் ஓர் எழுத்துகூட அச்சிடவில்லை. அடியுரமாக அதை மட்டுமே போட்டேன். 25ஆம் நாள் மேலுரமும் வேண்டாம் என்றான், நிறுத்தினேன்.

இன்று 30ஆம் நாள். அடி இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே கவட்டைபோல் மஞ்சளித்து நிற்கின்றன. தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறையின் அடையாளம் அது. மிச்சமிருந்த உரத்தில் ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் கறுத்தது, செம்பழுப்பு நார்த்தூள் மேலே மிதந்தது. மக்காத தென்னை நார்க்கழிவுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்! அது மக்குவதற்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் அல்லவா இழுத்துக்கொள்ளும்?

முதலில் மழை அதிகம் என்றான். பிறகு உங்கள் மண்ணில் கோளாறு என்றான். மூன்றாம் முறை “மேலாளர் பேசுவார்” என்று வைத்தவன், இப்போது எடுப்பதே இல்லை.

கணக்கை அன்றே போட்டிருக்க வேண்டும். நல்ல மண்புழு உரத்திலேயே 100 கிலோவுக்குத் தழைச்சத்து ஒன்று, ஒன்றரை கிலோதான். 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் 60 மூட்டைக்கும் சேர்த்து 24 கிலோ. 266 ரூபாய் 50 காசு யூரியா மூட்டை ஒன்றிலேயே 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. வீரிய ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கே 100 கிலோ தழைச்சத்து கேட்கும். 38,400 ரூபாய்!

விரிவாக எழுத நேரமில்லை, யூரியா தேடிக் கிளம்புகிறேன். சத்து விகிதம் அச்சிடாத மூட்டையை இறக்க விடாதீர்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மக்கிய தொழு உரம் போட்டாலும் 25, 45ஆம் நாள் மேலுரத்தை நிறுத்தாதீர்கள். அந்த விளம்பரம் இன்று காலையும் என் கைபேசியில் வந்தது.