நேரில் போனால் தே தாரிக், மெயில் போட்டால் பதில் இல்லை

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் சின்னதாக ஒரு மளிகைக்கடை நடத்துகிறேன். கறித்தூள், பதப்படுத்திய ஜாதிக்காய், பெலாச்சான் (இறால் விழுது) சம்பால் என்று ஊர்ச் சாமான் தேடி வருகிற மலேசியர்கள் நிறையப் பேர். பிறந்து வளர்ந்தது மலேசியாவின் பினாங்கு, அதனால் நேரடியாக அங்கேயே கொள்முதல் செய்யலாமே என்று ரொம்ப நாளாக முயற்சி செய்கிறேன். விலை தடையாக இல்லை, சரக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அனுப்புகிற மெயிலுக்குத்தான் யாரும் பதில் போடுவதில்லை. இந்தத் தடவை ஊருக்குப் போனபோது சரி, ஒவ்வொரு கடையாக நேரிலேயே ஏறிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நேர வித்தியாசம் என்று யாரும் சொல்ல முடியாது. பெர்த்துக்கும் பினாங்குக்கும் கடிகாரம் ஒன்றுதான், பெர்த்தில் கோடைக்கு நேரத்தை மாற்றுகிற வழக்கமும் இல்லை. அவர்கள் கடை திறக்கிற நேரத்தில்தான் நானும் திறக்கிறேன்.

பினாங்கின் லெபோ பசார் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியைப் பார்க்கப் போனேன். பெரியவர், "வா தம்பி, எந்தப் பக்கம்?" என்றார். ஆயர் ஈத்தாம் என்றதும் அப்பா பேரைக் கேட்டார், எங்கே வேலை செய்தார் என்று கேட்டார், தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) வரவழைத்தார். விலையையும் வாயாலேயே கடகடவென்று சொல்லிவிட்டார், நியாயமான விலை. ஐயா, இதையே மெயிலில் கேட்டிருந்தேனே என்றேன். "மெயிலா? அது மகன் பார்ப்பான், அவன் இப்போ சிங்கப்பூர்ல இருக்கான்." கடைப் பலகையில் இருக்கும் மெயில் முகவரியை அந்தக் கடையில் யாருமே திறப்பதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் யாரும் திறக்காத முகவரியைப் பலகையில் எழுதி வைத்தால், வெளியூரில் இருப்பவன் அதை நம்பித்தானே எழுதுவான்?

பாலிக் பூலாவில் ஜாதிக்காய்ப் பதப்படுத்தும் இடத்தில் நடந்தது வேறு. அங்கே கணக்கு பார்க்கும் அக்கா என் மெயிலைப் படித்திருக்கிறார், அச்சடித்து ஃபைலில்கூட வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார். அப்புறம் ஏன் அக்கா பதில் போடவில்லை என்றால், "முதலாளி இன்னும் விலை சொல்லல தம்பி, விலை இல்லாம என்னன்னு எழுதறது?" என்றார். எனக்கு அங்கேதான் விஷயம் புரிந்தது. முழுப் பதில் கையில் இருந்தால்தான் எழுத வேண்டும், அரைகுறையாக எழுதினால் மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். மெயில் கிடைத்தது, அடுத்த வாரம் சொல்கிறோம் என்று ஒரு வரி வந்திருந்தால் நான் காத்திருப்பேன். அது வராததால் வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வேறு ஊர்ச் சரக்கை வாங்கிப் போட்டேன். அந்த ஆர்டர் பினாங்குக்கு வந்திருக்க வேண்டியது, அதுதான் என் வருத்தம்.

விலையை எழுத்தில் கொடுக்கப் பயமும் இருக்கிறது. மிளகாய் விலை ஏறும், வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இறங்கும், எழுதிக் கொடுத்த விலையை நாளைக்குக் காட்டிக் கேட்பானே என்ற யோசனை. நியாயம்தான். அதற்கு இந்த விலை 14 நாளுக்கு மட்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.

வாட்ஸ்அப்பில் உடனே பதில் வருகிறதே, அதுபோதாதா என்று தம்பி வீட்டில் கேட்டார்கள். பேசுவதற்குப் போதும். ஆஸ்திரேலியாவுக்குள் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவர அது பத்தாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தயாரிப்பாளர் தருகிற தாள், இதெல்லாம் ஒழுங்காக வேண்டும். பெலாச்சான் சம்பாலில் இறால் இருக்கிறது, அதை லேபிளில் ஆங்கிலத்தில் தெளிவாகக் காட்டியே ஆகவேண்டும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. குரல் பதிவில் "எல்லாம் வழக்கமா போடறதுதான்" என்று சொன்னதை நான் சுங்க ஏஜெண்டிடம் கொடுக்க முடியாது.

மலேசியாவிலேயே இப்போது மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 1-ல் பெரிய நிறுவனங்களில் ஆரம்பித்து, படிப்படியாக அடுத்த நிலைகளுக்கும் கொண்டுவந்தார்கள். ஆக, மெயில் பெட்டியைப் பார்க்க ஓர் ஆள் எப்படியும் தேவைப்படும். அந்த ஆள் மகனாக இருந்தாலும் கிராணியாக (குமாஸ்தா) இருந்தாலும் சரி, அவர் பெயரையும் நம்பரையும் முதலிலேயே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று போன இடமெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து கொள்முதல் செய்கிறவர்களும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. நீளமாக ஒரே மெயிலில் பத்து கேள்வி கேட்டால், ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் மொத்தமும் கிடப்பில் போய்விடுகிறது. நான் இப்போது முதலில் போன் போடுகிறேன், யார் மெயிலைத் திறப்பார் என்று கேட்கிறேன், அப்புறம் அவருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புகிறேன்.

பாலிக் பூலா அக்கா நான் பெர்த் திரும்பிய வாரமே ஜாதிக்காய்க்கான தாளை மெயிலில் அனுப்பிவிட்டார், விலை பிறகு வரும் என்று எழுதி. லெபோ பசார் பெரியவர் கடையிலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை அவர் மகனுக்கு சிங்கப்பூருக்குப் போன் போடப் போகிறேன்.