வளைகிற விலா, கரைகிற விலா

இடிந்து உட்கார்ந்த மூக்கை நிமிர்த்தக் குருத்தெலும்பு நிறைய வேண்டும். மூக்கின் நடுச்சுவர் பெரும்பாலும் ஏற்கெனவே சிதைந்திருக்கும். காதில் கிடைப்பது கொஞ்சம்தான், அதுவும் மெத்தென்று வளைந்தது. ஆகவே விலாவின் குருத்தெலும்பு. அதை எப்படி வைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. ஒவ்வொரு வழியும் காலப்போக்கில் ஒவ்வொரு விதமாக மாறும்.

சொந்த விலாவை முழுத்துண்டாகச் செதுக்கி வைப்பது முதல் வழி. குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் ஊட்டத்திலேயே அதன் செல்கள் பிழைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் கரையாது. ஆனால் வளையும். விலாக்குருத்தின் வெளிப்படலம் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. ஒரு பக்கம் சீவினால் மறுபக்கத்தின் இழுப்பு வென்றுவிடும். கிப்சன், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1958இல் இதை விளக்கி, இருபுறமும் சமமாகச் செதுக்கச் சொன்னார்கள். இன்றும் பலர் செதுக்கிய துண்டை அரைமணி நேரம் உப்புநீரில் போட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகே வைக்கிறார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் வளையலாம். வீக்கம் முழுதாக வடிய ஓராண்டுகூட ஆகும். அதுவரை மறைந்திருந்த கோணல் பிறகுதான் தலைகாட்டும். வயதானவர்களின் விலா சுண்ணாம்பேறி இருப்பதால் அவ்வளவாக வளையாது, ஆனால் கத்தி பட்டால் நொறுங்கும்.

இரண்டாவது வழி, இறந்தவர் கொடையாகத் தந்த விலாவைக் கதிர்வீச்சு பாய்ச்சி வைப்பது. இதில் நெஞ்சில் வெட்டும் இல்லை, நுரையீரல் உறை கிழியும் அபாயமும் இல்லை. ஆனால் உயிருள்ள செல் ஒன்றும் இருக்காது. வளைவதோடு கரையவும் செய்யும். எவ்வளவு கரையும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. கரைந்த இடத்தை நார்த்திசு நிரப்பி, உருவத்தை ஓரளவு தாங்குவதும் உண்டு.

மூன்றாவது, பொடியாக நறுக்கிப் பொதிந்து வைப்பது. இழுத்து வளைக்க முழுத்துண்டே இல்லை என்பதால் கோணல் பிரச்சினை தீர்கிறது. எரோல் என்ற அறுவை மருத்துவர் 2000இல் சர்ஜிசெல் என்ற, இரத்தக்கசிவை நிறுத்த உதவும் கரையும் துணியில் சுற்றினார். அப்படிச் சுற்றியவை கரைந்துபோனதாகவும், நெற்றிப்பொட்டுப் பக்கத்துத் தசையுறையில் சுற்றியவை நின்றதாகவும் டேனியல், கால்வர்ட் என்ற மருத்துவர்கள் 2004இல் எழுதினார்கள். ஆனால் பொடி எதையும் தாங்காது; மூக்கின் நுனியைத் தூக்கிப் பிடிக்க அதனால் முடியாது.

என்னைக் கேட்டால், ஒரே விலாவிலிருந்து இரண்டையும் எடுப்பேன்: நுனியைத் தாங்க முழுத்துண்டு, மூக்குத் தண்டின் மேட்டுக்குப் பொடி. முழுத்துண்டை நேராக வைத்திருக்க உள்ளே கம்பி கோர்ப்பவர்களும் உண்டு. தோல் மெல்லியதாக உள்ளவர்களிடம் அதைச் செய்ய எனக்குத் தயக்கம்தான்.