மார்க்கா, கிரேடா, மொட்டா?

என் மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தென்பெண்ணையைத் தாண்டினால் பாகூர். அங்கே அக்கா மகன் புதுச்சேரி அரசுப் பள்ளியில் எட்டாவது. இரண்டு வீட்டுக்கும் வரும் ரிப்போர்ட் வேறு வேறு. நாங்கள் படித்த காலத்து ரேங்க் கார்டையும் சேர்த்து வைத்து யோசித்தேன்.

ரேங்க் கார்டில் எனக்குக் கோபமே உண்டு. காலாண்டில் 58 எடுத்தவன் அரையாண்டில் 70 எடுப்பான். மற்றவர்களும் ஏறியிருந்தால் 12ஆம் ரேங்க் 15 ஆகிவிடும். கையெழுத்துப் போடும் அப்பாவின் கண்ணில் அந்த 15தான் படும். தமிழ்நாட்டில் 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலையே நிறுத்தியது நல்ல காரியம்.

அக்கா மகனுக்கு வருவது கிரேடு. 71 முதல் 80 வரை எல்லாமே பி1. 71இலிருந்து 80க்கு உழைத்து ஏறினாலும் அதே பி1. 80 எடுத்தவன் 81 எடுத்தால் ஏ2. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் பத்தாம் வகுப்பில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அந்தப் பொதுத்தேர்வில் உச்ச கிரேடான ஏ1, இத்தனை மார்க் என்று பார்த்து அல்ல, தேர்ச்சி பெற்றவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு. அதாவது, எழுத்து அதேதான், ஆனால் அது மறைமுகமான ரேங்க்.

என் மகளுக்கு, தமிழ்நாடு அரசு 2022இல் தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' முறை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும், உண்மையில் எந்த நிலையில் இருக்கிறாளோ அங்கிருந்து பாடம் தொடங்கும். மகள் கணக்கில் மொட்டு என்றதும் முதலில் எனக்கு மனசு சுருங்கியது. டீச்சரிடம் கேட்டேன். "கடன் வாங்கிக் கழிக்கும்போது பக்கத்து எண்ணைக் குறைக்க மறந்துடுறா, அவ்வளவுதான்" என்றார். எந்த மார்க்கும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. பத்து பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளோடு இரண்டு வாரம் உட்கார்ந்தோம். இப்போது கடன் வாங்க ஒரு பத்தின் கட்டை அவளே பிரிக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பு வரை இந்த நிலை முறைதான் என் தேர்வு, டீச்சரின் ஒரு வரிக் குறிப்போடு. ஒன்பதாவதிலிருந்து, பொதுத்தேர்வு நெருங்குவதால், ரேங்க் இல்லாத மார்க் போதும். கிரேடு எனக்கு எந்த வகுப்புக்கும் வேண்டாம்.

சரி, அக்கா மகனுக்கு என்ன வழி? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எங்கே தடுமாறுகிறான் என்பது அதில்தான் தெரியும்.