புளூடூத் பீக்கன்: சுவரில் மாட்டலாமா, கூரையிலா?

புளூடூத் பீக்கன் என்பது தன் அடையாளத்தை விடாமல் அலையாக அனுப்பும் சிறு கருவி. அதன் சிக்னல் பலத்தை வைத்து, ஆள் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்று போன் ஆப் கணிக்கும். அதைச் சுவரில் மாட்டுவது சுலபம். ஏணி வேண்டாம், பேட்டரி மாற்றவும் எட்டும். ஆனால் கூட்டம் புழங்கும் கூடத்தில் நெஞ்சுயரச் சுவர்தான் மோசமான இடம். பீக்கன் அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. போனை வைத்திருப்பவர் பீக்கனுக்கு முதுகு காட்டி நின்றாலே சிக்னல் 10 டெசிபெல் வரை, அதாவது பத்தில் ஒரு பங்காக, சரியலாம். கூரையிலிருந்து வரும் அலைக்குத் தலைகள் அவ்வளவாகக் குறுக்கே வராது.

கூரைக்கும் குறை உண்டு. 4 மீட்டர் உயரத்தில் மாட்டினால், நேர் கீழே நிற்பவரின் போனும் கிட்டத்தட்ட 3 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். 'அருகில் வந்துவிட்டார்' என்ற எல்லையை அதற்கேற்பத் தளர்த்த வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் உலோகத் தகடு இருந்தால் அதற்கு மேலே ஒளித்து வைக்கவே கூடாது, கீழ்ப்பக்கம் ஒட்டுங்கள். அப்போதும் தகட்டோடு ஒட்டினால் ஆன்டெனாவின் இசைவு கெடும். நடுவில் 3 செ.மீ. தெர்மோகோல் கொடுத்தால் போதும். இரும்புத் தூண், பீரோ எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அறை அறையாகப் பிரிந்த கட்டடத்தில் கணக்கு வேறு. ஜிப்சம் தடுப்பு சில டெசிபெல்தான் குறைக்கும். பக்கத்து அறை பீக்கனும் பலமாகவே கேட்கும். அங்கே அறையின் நடுக்கூரையில், சக்தியைக் குறைத்து வைப்பதே சரி. கான்கிரீட் சுவர் என்றால் அதுவே அறைகளைப் பிரித்துத் தரும், சுவரில் மாட்டினாலும் குழப்பம் குறைவு. ஆனால் அந்தச் சுவரைத் தாண்டித் தூரம் கணக்கிடாதீர்கள். 12 டெசிபெல் இழப்பு என்றால், 3 மீட்டரில் உள்ள பீக்கனை சிக்னல் பலத்திலிருந்து தூரம் கணிக்கும் வெட்டவெளிச் சூத்திரம் 12 மீட்டர் என்று காட்டும்.

பீக்கனின் சக்தியை ஏற்றினால் இந்தக் குழப்பம் தீருமா? தீராது. நேர் அலையோடு, சுவரிலும் பொருளிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிப்பும் சேர்ந்தே ஏறும். பீக்கன் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று அலைவரிசைகளில் மாறி மாறி ஒலிபரப்புகிறது. எதிரொலிப்பு ஒவ்வொன்றையும் வேறுவிதமாகக் குலைக்கும். எந்த அலைவரிசையில் வந்தது என்று பெரும்பாலும் போன் ஆப்புக்குத் தெரிவதில்லை. அசையாமல் நின்றாலும் அளவு துள்ளுவது இதனால்தான்.

ஆகவே மாட்டிய பிறகு, அதே இடத்தில் அளந்து பாருங்கள். ஐபீக்கன் (ஆப்பிளின் பீக்கன் வடிவம்) என்றால் 1 மீட்டர் தள்ளி நின்று, நான்கு திசையும் திரும்பி, திசைக்கு 30 விநாடி பதிவு செய்யுங்கள். சராசரி வேண்டாம், இடைநிலை மதிப்பை எடுத்து பீக்கனின் அமைப்பில் அளவீட்டுச் சக்தியாக (1 மீட்டரில் கிடைக்கும் சிக்னல் பலம்) எழுதுங்கள். எடிஸ்டோன் (கூகுளின் பீக்கன் வடிவம்) 0 மீட்டர் மதிப்பைக் கேட்கும். 1 மீட்டரில் கிடைத்த எண்ணோடு 41 கூட்டிக்கொள்ளுங்கள்.